ட்ராக்‌ஷன் போட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி: ஆர்த்தோ வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

ட்ராக்‌ஷன் என்பது உடைந்த காலைக் கயிறு, கப்பி, வெயிட் வைத்து விடாமல் இழுத்துப் பிடிப்பது. ஆர்த்தோ (எலும்பு) வார்டில் முதல் போஸ்டிங் வரும் நர்ஸ்கள் அந்தக் கயிறையும் கப்பியையும் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். அது சில நாளில் பழகிவிடும். டாக்டர் எலும்பின் குறுக்கே 'பின்' என்ற உலோகக் கம்பியைப் போட்டு, அதைக் கயிற்றோடு இணைக்கும் ஸ்டிரப்பை மாட்டி, வெயிட்டைத் தொங்கவிட்டுப் போக அதிக நேரம் ஆகாது. அதற்கப்புறம் பகல் முழுக்க, ராத்திரி மூன்று மணிக்கும், அந்தக் கால் சரியாக இழுபடுகிறதா, விரல்களுக்கு ரத்தம் போகிறதா, முதுகுத் தோல் தாங்குகிறதா, மனுஷர் ஒரு டம்ளர் தண்ணீராவது குடித்தாரா என்று பார்ப்பது நாம்தான். ட்ராக்‌ஷன் நல்லபடியாக முடிவதும் சிக்கலில் முடிவதும் இந்த மணி நேரங்களில்தான் தீர்மானமாகிறது.

நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் அடிக்கடி வரும் ஒரு கேஸை வைத்தே சொல்கிறேன். டூவீலரில் விழுந்து தொடை எலும்பு உடைந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பில் பின் போட்டு, பிபி (போலர்-ப்ரான்) ஸ்ப்ளிண்ட் என்ற இரும்புச் சட்டத்தின் மேல் காலை வைத்துப் படுத்திருப்பவர். இடுப்பு உடைந்த பாட்டிகளைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன்.

எதற்காக இழுக்கிறோம் என்பது முதலில் தெளிவாக இருக்கட்டும். தொடை எலும்பு உடைந்ததும் அதைச் சுற்றியிருக்கும் பெரிய தசைகள் இறுகிச் சுருங்குகின்றன, உடைந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, கால் குட்டையாகிறது, ஒவ்வொரு முறை தசை துடிக்கும்போதும் வலி உயிர் போகிறது. எதிர்ப்பக்கம் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் தசை தளர்ந்து, எலும்பு நேராகி, வலி குறையும். முதல் உலகப் போரில் தொடை உடைந்த சிப்பாய்களுக்குத் தாமஸ் ஸ்ப்ளிண்ட்டை (தொடை இடுக்கில் உட்காரும் வளையமும் இருபுறமும் நீளக் கம்பியும் கொண்ட சட்டம்) போர்முனைக்குப் பக்கத்திலேயே போட ஆரம்பித்த பிறகுதான் அந்தக் காயத்தால் வந்த சாவுகள் வெகுவாகக் குறைந்தன. காலை ஆடாமல் இழுத்துப் பிடிப்பதற்கு அவ்வளவு பலன் உண்டு. இன்று பெரும்பாலானவர்களுக்குப் பிறகு நெயில் (எலும்புக்குள் கம்பி) அல்லது பிளேட் (தகடு) வைத்து ஆபரேஷன் ஆகிவிடுகிறது, ட்ராக்‌ஷன் அதுவரைக்கும்தான். ஆனால் அந்த 'அதுவரை' என்பது சுகர் குறையவில்லை, காப்பீட்டு அனுமதி வரவில்லை, தியேட்டர் லிஸ்ட்டில் இடமில்லை என்று நீண்டுகொண்டே போகலாம். ஆகவே தற்காலிகம்தானே என்று கவனிப்பைக் குறைக்காதீர்கள்.

வெயிட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

ஷிஃப்ட் எடுத்ததும் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று வெயிட்டைப் பாருங்கள். அது தரையில் உட்கார்ந்திருக்கிறதா, கட்டில் சட்டத்தில் சாய்ந்திருக்கிறதா, தாராளமாகத் தொங்குகிறதா? கேஸ் ஷீட்டில் எழுதிய அளவுதான் இருக்கிறதா? எலும்பில் பின் போட்ட பெரியவர்களுக்கு வழக்கமாக உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் தொடங்கி, எக்ஸ்ரே பார்த்து டாக்டர் கூட்டுவார் குறைப்பார். தோல் மேல் கட்டிப் போடும் ட்ராக்‌ஷனுக்கு 2 முதல் 3 கிலோதான் வழக்கம், 5 கிலோவுக்கு மேல் தோல் தாங்காது, உரிந்துவிடும். வெயிட்டுக்குப் பதில் மணல் மூட்டையோ செங்கல்லோ தொங்குகிற வார்டுகளும் உண்டு. அப்படியானால் அதை ஒருமுறை எடை போட்டு மேலே மார்க்கரால் எழுதிவிடுங்கள், அப்போதுதான் அடுத்த ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு ஊகிக்க வேண்டிய நிலை வராது.

வெயிட்டிலிருந்து கயிற்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டே மேலே வாருங்கள். கயிறு பிசிறு விட்டிருக்கிறதா, கப்பியின் பள்ளத்துக்குள் ஓடுகிறதா, முடிச்சு கப்பியில் போய் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். முடிச்சு முட்டினால் வெயிட் தொங்கும், ஆனால் இழுப்பு காலுக்கு வராது, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். போர்வையும் கொசுவலையும் கயிற்றின் மேல் கிடக்கக் கூடாது. கொசுவலைக்காகக் கயிற்றை ஓரமாக நகர்த்தி வைக்கும் பழக்கம் ராத்திரியில் நிறைய நடக்கிறது, ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் நோயாளி எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். வெயிட் இழுக்க இழுக்க ஆள் கால்மாட்டுப் பக்கம் சறுக்கிக்கொண்டே வருவார். ஸ்டிரப் கப்பியை நெருங்கி, பாதம் கட்டில் சட்டத்தில் முட்டினால் இழுப்பு அங்கேயே முடிந்தது. இதற்காகத்தான் கால்மாட்டில் கட்டைகள் வைத்துக் கட்டிலை உயர்த்துகிறோம், அவருடைய உடல் எடையே எதிர் இழுப்பாக வேலை செய்யும். தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்தால் அது போய்விடும். மூச்சிரைப்பு இருப்பவர், வயிறு நிறையச் சாப்பிட்டவர் என்றால் எவ்வளவு உயர்த்தலாம் என்று டாக்டரிடம் கேட்டு கேஸ் ஷீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் சறுக்கியிருந்தால் இருவராகச் சேர்ந்து மேலே நகர்த்துங்கள், அப்போதும் வெயிட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம், ஆளோடு சேர்ந்து அதுவும் மேலே வரும்.

பின் போட்ட ட்ராக்‌ஷனில், உயிர் போகும் அவசரம் தவிர, வெயிட்டை நாமாக எடுப்பது என்ற பேச்சே இல்லை. பெட்பேன் வைக்க, துணி மாற்ற, எக்ஸ்ரே எடுக்க என்று எதற்கும் கிடையாது. எக்ஸ்ரே என்றால் போர்ட்டபிள் கேளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டர் பக்கத்தில் இருந்து, ஒருவர் கையால் அதே திசையில் இழுத்துப் பிடித்தபடி நடக்க வேண்டும்.

கூட இருப்பவரிடம் பேசுங்கள்

இழுப்பு நின்றுபோவது பெரும்பாலும் கூட இருப்பவரின் பாசத்தால்தான். நடு ராத்திரியில் மகன் வலி வலி என்று முனகுவதைக் கேட்டு அம்மா எழுந்து, வெயிட்டுக்குக் கீழே ஸ்டூலை நகர்த்தி வைப்பார். 'பாவம் சிஸ்டர், புள்ளை தூங்கட்டும்னு கொஞ்ச நேரம் வெச்சேன்.' வெயிட் நின்றதும் தசை மறுபடி சுருங்கி எலும்பு முனைகள் ஏறும், காலையில் ஸ்டூலை எடுத்ததும் முன்பைவிட அதிகமாக வலிக்கும். அவரைத் திட்டிப் பயனில்லை. அட்மிஷன் அன்றே பக்கத்தில் உட்காரவைத்து, 'அம்மா, இந்த வெயிட்தான் வலியைக் குறைக்குது, இதை எடுத்தா எலும்பு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிடும், வலிச்சா என்னைக் கூப்பிடுங்க, மருந்து தர்றேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி கூப்பிட்டதும் போகவும் வேண்டும். போகாவிட்டால் மறுநாள் ராத்திரி ஸ்டூல் திரும்ப வரும். ஆள் மாறி மாறி இருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு புது முகத்திடமும் இதையே சொல்ல வேண்டியிருக்கும்.

விரல்களைப் பாருங்கள்

மொத்தக் கவனிப்பிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் கால் விரல்களைப் பாருங்கள். முதல் 24 மணி நேரம் மணிக்கு ஒருமுறை, அப்புறம் எல்லாம் சரியாக இருந்தால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. எப்போதும் இரண்டு கால்களையும் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள், இது ரொம்ப முக்கியம். சுகர் நோயாளிக்கு உடையாத காலிலும் உணர்ச்சி குறைவாக இருக்கலாம், வயதானவருக்கு இரண்டு பாதமும் சில்லென்று இருக்கலாம். அட்மிஷன் நேரத்தில் எப்படி இருந்தது என்று எழுதிவைத்தால்தான் பின்னால் மாறியதா என்று சொல்ல முடியும்.

பெண் நோயாளி என்றால் காயம்பட்ட காலில் இருக்கும் மெட்டியையும் கொலுசையும் வந்தவுடனே கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பிறகு மெட்டி விரலைக் கவ்விக்கொள்ளும், அப்போது வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சிலர் கழற்ற மனம் ஒப்ப மாட்டார்கள். அவசரப்படுத்தாமல் காரணத்தைச் சொன்னால், கூட வந்த மாமியாரோ அம்மாவோ தாங்களே கழற்றித் தருவார்கள். ஒரு துணியில் முடிந்து அவர்கள் கையிலேயே கொடுத்து கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். மருதாணி போட்ட நகத்தில் நிறம் தெரியாது, அங்கே விரல் நுனிச் சதையை அழுத்திப் பாருங்கள். அழுத்தி விட்டதும் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நம் ஆட்களின் மாநிறத்தில் வெளிறுவது சட்டென்று தெரியாது என்பதால் உள்ளங்கால், நகக்கண் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

புறங்காலில் நாடியைத் தொட்டுப் பார்த்து, கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள், அடுத்து வருபவர் தேட வேண்டியதில்லை. கட்டைவிரலையும் பாதத்தையும் மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் லேசாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். மடக்க முடியவில்லை, அந்த இடுக்கு மரத்திருக்கிறது என்றால் முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே உருண்டையாகத் தட்டுப்படும் ஃபிபுலா எலும்பின் தலையைச் சுற்றிப் போகும் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். கால் வெளிப்பக்கமாக உருண்டு, அந்த இடம் ஸ்ப்ளிண்ட்டின் கம்பி மேல் படிந்து கிடப்பதுதான் வழக்கமான காரணம். முழங்கால் சில்லு கூரையைப் பார்க்கும்படி காலை நேராக வைத்து, கம்பிக்கும் காலுக்கும் நடுவே பஞ்சு வைத்து, உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் பாதம் தொங்கிப்போய், எலும்பு கூடிய பிறகும் அவர் காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டிவரும்.

வலி பற்றி ஒரு விஷயம். ட்ராக்‌ஷன் போட்ட பிறகு வலி குறையத்தான் வேண்டும். ஊசி போட்டும் அடங்காமல் கூடிக்கொண்டே போகிறது, விரலை நாம் பிடித்து லேசாக நீட்டினாலே கத்துகிறார், கெண்டைச்சதை கல் மாதிரி இறுகியிருக்கிறது என்றால் தசை அறைக்குள் அழுத்தம் ஏறுகிறதோ என்று சந்தேகப்படுங்கள். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று சொல்வது இதைத்தான். முழங்காலுக்குக் கீழ் எலும்பும் உடைந்தவர்களிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நாடி கிடைக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், இதில் நாடி கடைசியில்தான் போகும். இறுக்கமான கட்டுகளைத் தளர்த்தி, காலை இருதய மட்டத்தில் வைத்து (மேலே தூக்கிவைக்கக் கூடாது), அந்த நிமிடமே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷனில் அந்தத் தசை அறையைத் திறந்துவிடாவிட்டால் தசை செத்துவிடும். இரண்டு தடவை போன் பண்ணியும் வரவில்லை என்றால் அடுத்த நிலையில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், கூப்பிட்ட நேரத்தையும் எழுதுங்கள். 'இந்த ஆள் எப்பவும் கத்திட்டே இருக்காரு' என்று யார் சொன்னாலும் நீங்கள் போய் விரலைத் தொட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பின் போட்ட இடம்

பின் என்பது வெளியிலிருந்து நேராக எலும்புக்குள் போகும் வழி, கிருமிக்கும் அதே வழிதான். கையைக் கழுவி, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிப் பஞ்சு எடுத்து, பின்னை ஒட்டித் தொடங்கி வெளிநோக்கித் துடையுங்கள். எதால் துடைப்பது, தினமுமா வாரம் ஒருமுறையா, காய்ந்த பொருக்கை எடுக்கலாமா விடலாமா என்பதில் உலகம் முழுக்க ஒரே கருத்து கிடையாது. ஓரிடத்தில் குளோர்ஹெக்சிடின், இன்னோரிடத்தில் சலைன், நம் வார்டுகளில் பெரும்பாலும் பெட்டாடின். உங்கள் வார்டில் என்ன முறையோ அதை எல்லா ஷிஃப்ட்டிலும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் தெளிந்த நீர் கசிவது சகஜம். சிவந்து, சூடாகி, சீழ் வைத்து, தொட்டால் வலிக்கிறது என்றால் சகஜமில்லை. பின் ஆடுகிறதா, ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையாகிவிட்டதா என்றும் பாருங்கள். பக்கவாட்டில் நகரும் பின், வெளியே இருந்த அழுக்குப் பகுதியை எலும்புக்குள் இழுத்துப் போகும். பின்னின் கூரான நுனிகளில் காலி ஊசி மருந்துக் குப்பிகளைக் குத்தி வைக்கும் வழக்கம் நல்ல வழக்கம். அது கழன்று விழுந்தால் உடனே வேறொன்று மாட்டுங்கள், இல்லாவிட்டால் அவருடைய இன்னொரு காலையோ துணி மாற்றும் உங்கள் கையையோ கிழித்துவிடும்.

தோல் மேல் போட்டது என்றால்

இடுப்பு உடைந்தவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இதுதான். பசைப் பட்டையோ ஸ்பாஞ்சு பட்டையோ காலின் இருபுறமும் வைத்து மேலே க்ரேப் பேண்டேஜ் சுற்றுகிறோம். கணுக்கால் எலும்புகளுக்குப் பஞ்சு வையுங்கள், ஃபிபுலா தலைமேல் கட்டு அழுத்தாமல் பாருங்கள், சுருக்கம் இல்லாமல் சுற்றுங்கள். புண், வெரிகோஸ் (புடைத்துச் சுருண்ட) ரத்தக்குழாய், ரத்த ஓட்டம் குறைந்த சுகர் கால், மெல்லிய காகிதம் போன்ற தோல் இருந்தால் போடும் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய்க் கட்டோ நாட்டுக் கட்டோ போட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கட்டுக்கடியில் கொப்புளம் இருக்கலாம், பிரித்து முழுதாகப் பார்க்காமல் மேலே கட்டாதீர்கள். தினம் ஒருமுறையாவது, டாக்டர் அனுமதியோடு, ஒருவர் கையால் காலை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கட்டை அவிழ்த்துத் தோலைப் பார்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். இழுபட்டு இழுபட்டுக் கட்டு கீழே இறங்கிக் கணுக்காலில் குவிந்திருக்கும், அதை மேலேயே இன்னொரு சுற்று சுற்றி மறைக்காமல் முழுக்க அவிழ்த்துப் புதிதாகச் சுற்றுங்கள்.

முதுகும் குதிகாலும்

மல்லாக்கவே படுத்திருப்பதால் படுக்கைப் புண் முதலில் வருவது பிட்டத்துக்கு மேல் உள்ள எலும்பிலும் குதிகாலிலும். உடையாத காலின் குதிகாலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேலே நகர ஒவ்வொரு தடவையும் அந்தக் குதிகாலைத்தான் ஊன்றி உந்துகிறார், விரிப்பில் தேய்ந்து தேய்ந்து அதுதான் முதலில் சிவக்கும். முழங்கையும் அப்படித்தான். ஸ்ப்ளிண்ட்டில் இருக்கும் காலுக்குக் கெண்டைச்சதையைத் தாங்கும்படி வைத்து, குதிகால் எதிலும் படாமல் விடுங்கள். தாமஸ் ஸ்ப்ளிண்ட் என்றால் தொடை இடுக்கில் உட்காரும் வளையத்தைச் சுற்றி விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், சிறுநீர் பட்டு ஈரமாகி அங்கே தோல் ஊறிப் போயிருக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கி முதுகுக்குக் காற்றுப் படவிடுங்கள். தலைக்கு மேல் தொங்கும் பிடி இருந்தால் அதைப் பிடித்து, நல்ல காலை மடக்கி ஊன்றி, பிட்டத்தைத் தூக்கச் சொல்லிக்கொடுங்கள். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை தூக்கினால் அதுவே உடற்பயிற்சி. பிடி இல்லாத கட்டிலில் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டும். ஆளை இழுத்து நகர்த்தாதீர்கள், தோல் வழன்றுவிடும். விரிப்பை வழக்கம்போலப் பக்கவாட்டில் உருட்டி மாற்ற முடியாது, தலைமாட்டில் தொடங்கிக் கீழ்நோக்கி, அவர் தூக்கித் தரும் இடைவெளியில் நகர்த்தி மாற்றுங்கள். சாப்பிட்ட பிறகு விரிப்பில் கிடக்கும் சோற்றுப் பருக்கையையும் முறுக்குத் தூளையும் தட்டிவிடுங்கள், ராத்திரி முழுக்க முதுகுக்கடியில் கிடந்தால் அதுவே புண்ணுக்கு ஆரம்பம். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஏர் பெட் இருந்தால் போடுங்கள், ஆனால் அது இருக்கிறது என்று முதுகைப் பார்க்காமல் விடாதீர்கள்.

தண்ணீர், சாப்பாடு, பெட்பேன்

ட்ராக்‌ஷனில் இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் பெட்பேன் கேட்க வேண்டும், கேட்டால் ஸ்க்ரீன் வர வேண்டும், பக்கத்துக் கட்டிலில் ஆண்கள் வந்து நிற்பார்கள், கூட இருக்கும் மருமகளைத் தொந்தரவு பண்ண வேண்டும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள். இரண்டு மூன்று நாளில் மலச்சிக்கல், சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல் வரும். நாள் கணக்கில் படுத்தே இருப்பவரின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து வேறு வரும், தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகக் கல்லுக்கு வழியாகிறது. 'நிறைய தண்ணி குடிங்க' என்று சொல்வது மட்டும் போதாது. கேட்பதற்கு முன் நாமே ஸ்க்ரீனை இழுத்து வைத்து, 'அக்கா, பெட்பேன் வைக்கட்டுமா' என்று குறித்த நேரத்துக்குப் போய்க் கேட்டால் அவர்கள் தானாகவே குடிக்க ஆரம்பிப்பார்கள். இருதயக் கோளாறு, கிட்னிக் கோளாறு இல்லாதவருக்கு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர்.

பெட்பேனை எப்போதும் நல்ல கால் பக்கமிருந்து வையுங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் பெட்பேன் கிடைத்தால் அதுதான் வசதி, கொஞ்சம் தூக்கினாலே உள்ளே போய்விடும். முடிந்ததும் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைக் கழுவத் தண்ணீரும் சோப்பும் கொடுங்கள்.

சாப்பாட்டில் எலும்பு சூப் வைத்துத் தருவார்கள், தரட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் எலும்பு கூடப் புரதம் வேண்டும், அது முட்டையிலும் பருப்பிலும் சுண்டலிலும் மீனிலும் தாராளமாகக் கிடைக்கிறது. கீரை, கொய்யா, வாழைப்பழம் மலச்சிக்கலுக்கு. படுத்தபடி சாப்பிடுபவருக்குப் புரையேறும், தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி, சிறு கவளமாக, மெதுவாக.

எனக்கு ரொம்பக் கோபம் வரும் விஷயம் ஒன்று. நாளைக்கு ஆபரேஷன் என்று நடு ராத்திரியிலிருந்து பட்டினி போடுவார்கள், மறுநாள் மதியம் கேஸ் தள்ளிப்போகும், அதை யாரும் வார்டுக்குச் சொல்ல மாட்டார்கள், அந்த மனுஷர் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் இல்லாமல் கிடப்பார். தியேட்டருக்கு நீங்களே போன் பண்ணிக் கேளுங்கள். தள்ளிப்போனது உறுதியானதும், டாக்டரிடம் சொல்லிவிட்டு உடனே சாப்பாடு கொடுங்கள். சுகர் மாத்திரை, இன்சுலினையும் அப்போதே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ரத்தக்கட்டி, மூச்சு, குழப்பம்

படுத்தே இருப்பவரின் காலில் ரத்தம் உறையலாம், உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் நிமிடங்களில் உயிர் போகும். இரண்டு பாதங்களையும் மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை. உடைந்த காலிலும் கணுக்காலை ஆட்டலாம், தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை வைத்து விடலாம், எவ்வளவு என்று பிசியோதெரபிஸ்ட் காட்டுவார். கெண்டைச்சதை வீங்கி, சூடாகி, வலிக்கிறது என்றால் யாரும் தைலம் தேய்த்து நீவக் கூடாது. நம் வீடுகளில் கால் வலி என்றதும் கை தானாகத் தைலத்துக்குப் போகும், அதனால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நீவும்போது கட்டி கழன்று போய்விடலாம்.

நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை (மூச்சுப் பயிற்சிக் கருவி) இழுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆழ மூச்சு இழுத்து, பிடித்து, மெல்ல விடட்டும், பின்பு இருமித் துப்பட்டும்.

முதல் மூன்று நாள் இன்னொரு ஆபத்துக்கும் உரியது. பெரிய எலும்பு உடைந்த இடத்திலிருந்து கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலிலும் மூளையிலும் போய் அடைக்கலாம். நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன் திடீரென்று பதற்றமாகி, சம்பந்தமில்லாமல் பேசி, மூச்சு வேகமாகி, கயிற்றைப் பிடித்து இழுக்கிறான் என்றால் முதலில் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஆக்சிஜன் வைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். அக்குளிலும் நெஞ்சிலும் கண்ணின் உள் இமையிலும் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று சட்டையை விலக்கிப் பாருங்கள். இதே நாட்களில்தான் குடியை நிறுத்திய குழப்பமும் கைநடுக்கமும் வரும். குடிப்பழக்கம் உண்டா, கடைசியாக எப்போது என்று அட்மிஷன் அன்றே மனைவியிடம் தனியாகக் கேட்டு எழுதி வையுங்கள். எது எப்படியோ, குழம்பிப் போனவருக்குத் தூக்க ஊசி போடும் முன் ஆக்சிஜன் பார்த்தாக வேண்டும்.

பாட்டிகள், குழந்தைகள்

இடுப்பு உடைந்த வயதானவர்கள் ராத்திரியில் இடம் தெரியாமல் குழம்பி, எழுந்து வீட்டுக்குப் போகப் பார்ப்பார்கள். கையைக் கட்டிப்போட்டால் இன்னும் முரண்டு பிடிப்பார்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் வீட்டிலிருந்து வரவழையுங்கள், ஒரு லைட்டை எரியவிடுங்கள், பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். 'பாட்டி, ஆஸ்பத்திரியில இருக்கீங்க, இடுப்புல அடிபட்டிருக்கு, பையன் இங்கதான் இருக்கான்' என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்லுங்கள். வலியும், நிறைந்த மூத்திரப் பையும், மலச்சிக்கலும் குழப்பத்தைக் கூட்டும், அவற்றையும் பாருங்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு கால்களையும் செங்குத்தாக மேலே தொங்கவிடும் ட்ராக்‌ஷனில், பிட்டம் படுக்கையை விட்டுச் சற்றே எழும்பி, அடியில் உங்கள் கை நுழையும் அளவு இருக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் பாருங்கள், உடையாத கால்தானே என்று ஒன்றை விடாதீர்கள், ரத்த ஓட்டம் அதிலும் நிற்கலாம். குழந்தைக்கு மரத்துப்போகிறது என்று சொல்லத் தெரியாது. பால் கொடுத்தும் தேற்றியும் நிற்காமல் அழுகிறது என்றால் கட்டைத் திறந்து பாதத்தைப் பாருங்கள். அம்மா மடியில் எடுத்துப் பால் கொடுக்க ஆசைப்படுவார். எடுக்கக் கூடாது, அவரையே கட்டிலில் குழந்தைக்குப் பக்கத்தில் சாய்ந்து கொடுக்கச் சொல்லி, எப்படி என்று ஸ்க்ரீனுக்குள் நின்று காட்டுங்கள்.

எடுக்கும் நாள்

பின் எடுக்கும் முன் வலி மருந்து போட்டு, அது வேலை செய்ய நேரம் கொடுங்கள். எந்தப் பக்கமாக உருவப் போகிறார்களோ அதற்கு எதிர்ப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை முதலில் நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும், அந்தப் பகுதிதான் எலும்புக்குள் புகுந்து வெளியே வரும். எடுத்ததும் அழுத்திப் பிடித்து, இரண்டு துளைக்கும் டிரெஸ்ஸிங்.

பல நாள் மல்லாக்கப் படுத்திருந்தவரை ஒரேயடியாக உட்காரவைத்தால் கண் இருட்டி விழுவார். தலைமாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ரத்த அழுத்தம் பார்த்து, காலைத் தொங்கவிட்டு உட்காரவைப்பது அதற்கடுத்து. முழங்கால் விறைத்திருக்கும், அதைக் கண்டு பயப்படுவார்கள், பயிற்சியில் சரியாகும் என்று சொல்லுங்கள். அந்தக் காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்று டாக்டர் எழுதிய பிறகே நிற்க வேண்டும். வாக்கரின் உயரம் அவருக்குச் சரியாக இருக்கிறதா என்று வார்டிலேயே பாருங்கள். வீட்டுக்குப் போன பிறகு பின் துளையில் சீழ் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வரச் சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள், கூட வந்தவர் அதை ஒருமுறை உங்கள் முன்னாலேயே வாசிக்கட்டும்.